நானூற்றுப் பதினேழின் மனைவி

சர்க்கரை ஆலையின் கொதிகலன் வாயில் கரும்புச் சக்கையை அள்ளித் தள்ளிக்கொண்டிருந்த வண்டிக்காரனிடம் ஆபீஸ் பியூன் வந்து சொன்னான்: "உன் பொண்டாட்டி வந்திருக்கா. குமாஸ்தா ஐயா கூப்பிடுறாரு."

வண்டிக்காரனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தான். அந்த இரைச்சலில் ஏழு வருஷம் நின்றவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாவது சகஜம். "யாரு வந்திருக்கா?"

"பொண்டாட்டிய்யா! காலையில வந்த கப்பல்ல வந்து இறங்கியிருக்கா. பேரு, ஊரு எல்லாம் சரியாச் சொல்றாளாம். மூஞ்சியக் கழுவிட்டு வா. இந்தக் கோலத்துல போனா வந்த கப்பல்லயே திரும்பிப் போயிடுவா."

அடுத்த அடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். வண்டிக்காரன் சிரிக்கவில்லை. வந்தவள் யாரென்று அவனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

வண்டிக்காரன் என்பது உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். ஆபீஸ் பதிவேட்டில் அவன் நானூற்றுப் பதினேழு. அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெயர், ஒரு தகப்பன் பெயர், ஓர் ஊர். மூன்றுமே அவனுடையவை அல்ல.

ஊரில் அவனுக்கு ஒரு ஜோடி மாடும் ஒரு பார வண்டியும் இருந்தன. பருத்தியும் தானியமும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு இரண்டு நாள் ஓட்டுவான். வெள்ளைக்காரர்கள் ரயில் பாதை போட வந்தபோது கல்லும் கட்டையும் சுமந்ததே அவன் வண்டிதான். வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் ஓட்டினான். பாதை முடிந்தது. இரண்டு நாள் வழியை ரயில் நாலு மணி நேரத்தில் கடந்தது. அதற்குப் பிறகு வண்டியை யார் சீந்துவார்கள்?

அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. ஊர்ப்பக்கம் தானியம் இல்லாமல் இல்லை. கிட்டங்கிகளில் மூட்டை மூட்டையாக இருந்தது. அது ரயிலேறி, கப்பலேறி, விலை அதிகம் கிடைக்கிற சீமைக்குப் போயிற்று. வண்டிகள் ஓடிய காலமாக இருந்தால் நாலு பேர் வழிமறித்து நாலு மூட்டையாவது இறக்கியிருப்பார்கள். ரயில் யாருக்காகவும் நிற்கவில்லை. அந்த வருஷம் அவன் அம்மா போனாள். ஒரு மாடு செத்தது, இன்னொன்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். பிறகு, தான் கல் சுமந்த அதே பாதையின் ஓரமாகவே நடந்து துறைமுகத்துக்குப் போனான்.

அங்கே கடல் தாண்டிப் போகிற கூலிகளைச் சேர்த்து வைக்கும் டிப்போ இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு வேளை கஞ்சி. நோயாளிக் கொட்டகைக்குத் தண்ணீர் சுமந்தால் தனக்கும் ஒரு வேளை கிடைக்கும் என்று சேர்ந்துகொண்டான். கப்பல் புறப்படுகிற அன்று காலை கொட்டகையில் ஒருவன் இறந்து போனான். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, நம்பர் கொடுத்து, பட்டியலில் ஏற்றிவிட்ட ஆள். தலைக்கணக்கு குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டும். ஆள் பிடிக்கும் ஏஜென்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த வண்டிக்காரன் கண்ணில் பட்டான். செத்தவன் கழுத்தில் கிடந்த, நம்பர் பொறித்த தகர வில்லையைக் கழற்றி இவன் கழுத்தில் மாட்டினான்.

"இனிமே நீதான் அவன். பேரக் கூப்பிட்டா ஆமான்னு சொல்லு. போ, வரிசையில நில்லு."

வயிறு காய்ந்தவன் வாதாடுவதில்லை. ஆமாம் என்று சொன்னான். ஏழு வருஷமாக ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆபீஸ் வராந்தாவில், தூணுக்குப் பக்கத்தில் மடியில் ஒரு துணி மூட்டையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பதை நெருங்கும் வயது. ஏழு வாரம் கப்பலில் கிடந்த களைப்பு முகத்தில் இருந்தாலும் கண் மட்டும் விழிப்பாக இருந்தது. குமாஸ்தா மேஜைக்குப் பின்னால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நின்றார்.

"இந்தாம்மா, நானூத்திப் பதினேழு வந்துட்டான். நல்லாப் பாத்துச் சொல்லு. இவன்தானே உன் புருஷன்? இல்லேன்னா வேற தோட்டத்துக்கு எழுதணும். அந்த வண்டி வெளியில நிக்குது."

அவள் எழுந்து நின்றாள். அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் ஒரு தேடல் இருந்தது. பிறகு அது அறுந்து விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். இதோ கத்தப் போகிறாள், இதோ எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடினான்.

"இவருதான்," என்றாள்.

"நெசமாவா? ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்களே!"

"ஏழு வருஷம் ஆச்சுங்களே. இளைச்சுப் போயிருக்காரு."

குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து நானூற்றுப் பதினேழுக்குக் கீழே ஏதோ எழுதினார். அவள் கட்டைவிரலை மையில் தோய்த்து வைக்கச் சொன்னார். ஐந்து வருஷம் கரும்புக் காட்டில் வேலை, புருஷனோடு அதே லைன் வீடு. வெளியே நின்ற வண்டி அவள் இல்லாமலே கிளம்பிப் போயிற்று.

லைன் வீடு என்றால் ஒரே கூரையின் கீழ் இருபது அறைகள். இடையில் பலகைச் சுவர். ஓர் அறையில் தும்மினால் மூன்றாவது அறைக்காரன் நூறு வயசு என்பான். அடுத்த அறையில் ஒரு விதவை அக்கா இருந்தாள். அவள் குரல் ஆலைச் சங்குக்குப் போட்டியாக எழும்பும் என்பதால் எல்லோரும் அவளைச் சங்கக்கா என்றார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். இவர்கள் அறையை எட்டுவதற்குள் அவளுக்குச் செய்தி எட்டியிருந்தது.

"அடப்பாவி! ஏழு வருஷமா வாயத் தொறக்கலியே நீ! தங்கமாட்டம் பொண்டாட்டிய ஊர்ல வச்சுட்டுத்தான் சாமியார் மாதிரி திரிஞ்சியா? வா தங்கச்சி, வா. இவனக் கட்டிக்கிட்டு நீ என்ன பாடுபட்டியோ!"

அவள் ஒரு சட்டிச் சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். ஆளுக்கு ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஊரில் மழை எப்படி, ரயில் இன்னும் எங்கெல்லாம் போகிறது என்று விசாரித்தார்கள். வந்தவள் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவன் வாசலில், யாரோ வீட்டுத் திண்டாட்டத்தை வேடிக்கை பார்க்க வந்தவனைப் போல நின்றான்.

எல்லோரும் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். சுவர்களைப் பார்த்தாள். பிறகு கிசுகிசுத்தாள்:

"அவர் எங்க?"

அவன் வாயைத் திறந்தான். பக்கத்து அறையில் சங்கக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"நாளைக்கு ஆலைக்கு லீவு," என்றான் கடைசியில். "தண்ணிக்கு ஓடைக்குப் போவோம். அங்க சொல்றேன்."

"உசுரோட இருக்காரா, அத மட்டும் சொல்லுங்க."

அவன் சுவரைப் பார்த்தான். அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் வாசலுக்கு வெளியே சாக்கை விரித்துக்கொண்டான்.

மறுநாள் காலை குடத்தோடு ஓடைக்குப் போனார்கள். கரும்புக்காடு முடிகிற இடத்தில் தண்ணீர் கல்லில் விழுந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே நின்றால் பேச்சு அடுத்தவர் காதுக்குப் போகாது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. காய்ச்சல், பன்னிரண்டு நாள், தகர வில்லை.

அவள் முதலில் கேட்டது இதுதான்: "ஊர்லேருந்து கிளம்பி எத்தனாவது நாளு?"

"டிப்போவுக்கு வந்து பன்னெண்டாவது நாளு. ஊர்லேருந்து ஒரு நாள் நடைன்னு சொன்னாரு. பதிமூணு வச்சுக்கங்க."

"பதிமூணு நாளு." குடத்தைக் கீழே வைத்தாள். "வருஷா வருஷம் கிராம அதிகாரிகிட்ட கம்பெனிக் காகிதம் வரும். உன் புருஷன் நல்லா இருக்கான், வேலை பாக்குறான்னு படிச்சுச் சொல்லுவாரு. அஞ்சு வருஷம் முடிஞ்சதும், திரும்பி வர்றதுக்கு வழி இருந்தும் அவனே விரும்பி மறுபடி கையெழுத்து போட்டிருக்கான்னு வந்துச்சு. அன்னைக்கு நான் திட்டினது கொஞ்சமில்ல. எவளோ ஒருத்திய வச்சிருக்கான்னு அவரப் பெத்த மாமாகிட்டயே கத்தினேன். சட்டையப் புடிச்சுக் கேக்கணும்னுதான் நானும் கூலியா கைநாட்டு வச்சு வந்தேன். புருஷன் இருக்குற தோட்டத்துக்கே அனுப்புறோம்னாங்க. அனுப்பிட்டாங்க."

அந்தக் கையெழுத்தைப் போட்டது தான்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருஷம் முடிந்தபோது குமாஸ்தா கேட்டார்: ஊருக்குப் போகிறாயா, இருக்கிறாயா? போனால் செத்தவன் ஊருக்குத்தான் சீட்டு எழுதுவார்கள். தன் ஊரிலும் காத்திருக்க ஆளில்லை. இருக்கிறேன் என்றான். பத்து வினாடி வேலை. அந்தப் பத்து வினாடி கடல் தாண்டிப் போய் ஒரு வீட்டில் என்ன செய்தது என்பது ஓடைக்கரையில் அவன் முன்னால் நின்றது.

"செத்துப்போன மனுஷன ரெண்டு வருஷமா திட்டிட்டு இருந்திருக்கேன்," என்றாள் அவள். "உன்னாலதான்யா. உன்னாலதான்."

அவன் அவள் குடத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினான்.

அழுது முடித்த பிறகு கேட்டாள்: "என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பொய் சொல்லத் தோன்றியது. ஒரே ஒரு வார்த்தை, யாருக்கு நஷ்டம்? ஆனால் ஏற்கெனவே இந்த மனுஷன் பெயரில் சொன்ன பொய் போதும் என்று நினைத்தான்.

"இல்லம்மா. மொத மூணு நாள் நல்லாப் பேசினாரு. கப்பல் ஆடுமா, வாந்தி வருமான்னு கேட்டுட்டே இருப்பாரு. அங்க போனா செருப்பு குடுப்பாங்களாமேன்னு கேட்டாரு. அப்புறம் காய்ச்சல் ஏறிடுச்சு. கண்ணத் தொறக்கிறப்பல்லாம் மழை வந்துருச்சான்னு கேப்பாரு. நான் வரலன்னு சொல்வேன். கடைசி நாளும் அதத்தான் கேட்டாரு."

"வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"தோணல."

குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். லைன் வாசலில் சங்கக்கா வழிமறித்தாள். "என்ன தங்கச்சி, கண்ணு இப்படி வீங்கியிருக்கு? வந்த மறுநாளே கைய நீட்டிட்டானா?"

"தூசி விழுந்துருச்சுக்கா."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அன்றையிலிருந்து லைன் முழுக்க வண்டிக்காரன் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று பெயராகிவிட்டது. அதுவரை அவனிடம் நெருப்பு வாங்கிப் பீடி பற்றவைத்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாய்விட்டு அழ வழியில்லாமல் அவள் அழுத ஒவ்வொரு நாளும் அவன் கணக்கில் ஓர் அடியாக விழுந்தது. அவன் மறுக்கவில்லை. அவளுக்கு அழ ஒரு காரணமாவது கிடைத்ததே என்று இருந்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்து அவள் சொன்னாள்: "எனக்கு எழுத்துல வேணும். அவர் செத்துட்டாருன்னு கம்பெனி எழுதிக் குடுக்கணும். எழுத்துல இருந்தாத்தான் மாமா நம்புவாரு. வாங்க, ஆபீசுக்குப் போவோம்."

பொய்ப் பெயரில் வேலை பார்த்தால் ஜெயில் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் போனான். குமாஸ்தா தனியாக இருந்த மத்தியான நேரம். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குமாஸ்தா வெற்றுப் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"செத்தவன் ஏழு வருஷம் சக்கை தள்ளினானா?"

"நான் தள்ளினேங்க."

"நீ யாரு?"

அவன் தன் பெயரைச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே அது கூச்சமாக இருந்தது, எதிர்வீட்டுக்காரன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததைப் போல.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "அந்தப் பேர்ல இந்தத் தோட்டத்துல யாருமில்ல. எந்தக் கப்பல்லயும் வரல. அதனால நீ இல்ல. இவன் இருக்கான். ஏழு வருஷமும் லீவு போடாம வேலை பாத்திருக்கான், பாரு. இவன் காகிதத்துல உசுரோட இருக்கான். உசுரோட இருக்கான்னு எழுதினது என் கை. இப்ப நான் அத அடிச்சா, மேல இருக்கிறவங்க என்ன அடிச்சிருவாங்க." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "துரைகிட்ட கொண்டுபோனா என்ன நடக்கும் தெரியுமா? உனக்கு ஜெயிலு. அவளுக்கு வேற தோட்டம். செத்தவனுக்கு ஒண்ணும் நடக்காது. அவன் இருந்தாலும் செத்தாலும் கம்பெனிக்கு ஒண்ணுதான். அந்த நம்பர்ல ஒரு ஆள் நிக்கணும், அவ்வளவுதான். போ, உன் பொண்டாட்டிய ஒழுங்கா வச்சுக்க. அடிக்கிறியாமே?"

ஜன்னல் வழியாக அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வேணாம், வாங்க போலாம்," என்றாள்.

வழியில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அன்னைக்கு எதுக்கு இவருதான்னு சொன்னீங்க?"

"இல்லைன்னு சொல்லியிருந்தா உங்கள ஒரு பக்கம் இழுத்துட்டுப் போவாங்க, என்ன ஒரு பக்கம் ஏத்தி விடுவாங்க. அவர் பேர வச்சிருக்கிறவனுக்குத்தானே அவர் எங்கன்னு தெரியும்? அப்புறம் நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

குமாஸ்தா ஒன்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். பத்து வருஷம் முடித்தால் நானூற்றுப் பதினேழுக்குக் கம்பெனியே ஊருக்கு அனுப்பி வைக்கும். புருஷன் போனால் பெண்டாட்டியின் ஒப்பந்தமும் அதோடு ரத்து. அதற்கு இன்னும் ஏறக்குறைய மூன்று வருஷம் இருந்தது. காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள்.

அறைக்குக் குறுக்கே சர்க்கரைச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டான். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். விடியுமுன் அவள் கரும்புக் காட்டுக்குப் போவாள். இலை கீறிய கையோடு மத்தியானம் தாண்டித் திரும்புவாள். அவன் சங்கு ஊதியதும் வருவான். இருவருக்கும் சேர்த்து அவள் சமைப்பாள். அவன் தட்டைச் சாக்குக்கு இந்தப் பக்கம் நகர்த்தி வைப்பாள். வெளியில் ஆள் இருந்தால் "ஏங்க" என்று கூப்பிடுவாள். கதவு சாத்தியிருந்தால் எப்படியும் கூப்பிட மாட்டாள், தொண்டையைச் செருமுவாள்.

நாள் ஆக ஆகக் கோபம் தேய்ந்தது. முழுதாகப் போகவில்லை, ஆனால் பேச்சு வந்தது. ஆலைச் சக்கரத்தில் யார் கை மாட்டியது, மேஸ்திரி யாரை வைதார், சங்கக்கா இன்று என்ன புரளி கிளப்பினாள். இவர்கள் கரும்பிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சர்க்கரை எல்லாம் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. லைன் வீடுகளுக்கு அடிமண்டிதான் கிடைத்தது. "அங்க தானியம் போச்சு, இங்க சக்கரை போகுது," என்றாள் ஒரு நாள். "எல்லாம் போற ஊருல என்னதான் செய்றாங்க? தின்னுக்கிட்டே இருப்பாங்களோ?" அவன் சிரித்துவிட்டான். சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து அவளும் சிரித்தாள்.

அவன் சங்கு ஊதியதும் வேகமாக நடக்கத் தொடங்கியிருந்தான். முன்பெல்லாம் கடைசி ஆளாக வெளியே வருகிறவன், இப்போது முதல் ஆளாக வாசலைத் தாண்டினான். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்தாவது வருஷம் முடிந்தது. சங்கக்கா இருவரையும் கட்டிக்கொண்டு அழுதாள். "டேய், ஊர்ல போயாவது அவள அடிக்காம வச்சுக்கடா," என்றாள். கப்பலில் ஏழு வாரம். பெண்கள் ஒரு தட்டில், ஆண்கள் ஒரு தட்டில். மேல்தளத்தில் காற்று வாங்க விடுகிற நேரத்தில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். இந்தப் பயணம் முடியாமலே இருந்தால் என்ன என்று அவனுக்கு ஒரு முறை தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டான்.

துறைமுகத்தில் இறங்கியதும் டிப்போ எழுத்தர் பதிவேட்டில் நானூற்றுப் பதினேழின் எதிரே "நலமாகத் திரும்பினான்" என்று எழுதினார். கழுத்து வில்லையை வாங்கிப் பெட்டியில் போட்டார். அவ்வளவுதான். செத்துப் பத்து வருஷம் ஆனவன் நலமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டான்.

"எந்த இடம்?" என்றாள் அவள்.

நோயாளிக் கொட்டகைக்குப் பின்னால், செத்தவர்களைப் புதைக்கிற ஒரு வெற்று நிலம் இருந்தது அவன் நினைவில். இப்போது கொட்டகையும் இல்லை, நிலமும் இல்லை. ரயில் பாதை டிப்போ மதில்வரை வந்திருந்தது. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிலக்கரி குவிந்து கிடந்தது. கூலிகள் கூடை கூடையாக அள்ளி வண்டிப் பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு திசையைக் காட்டினான். இன்னும் சரியாகக் காட்ட அவனால் முடியவில்லை.

அவள் அந்தக் கரிக்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரித்தூள் பறந்து முகத்தில் படிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. காவலாளி வந்து "இங்க என்ன வேலை? நகருங்க, நகருங்க" என்று விரட்டினான். நகர்ந்தார்கள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் திடீரென்று நின்றாள்.

"அண்ணே," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

"நீங்க என்கூட வீட்டுக்கு வரணும்ண்ணே. நான் மட்டும் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. அங்க புருஷன விட்டுட்டு வந்து கத கட்டுறான்னுதான் சொல்லுவாங்க. பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். வந்து மாமாகிட்ட சொல்லிடுங்க."

அந்தச் சொல்லை அவள் எவ்வளவு நாள் யோசித்து எடுத்து வைத்திருந்தாளோ! இங்கே கம்பெனி இல்லை, லைன் இல்லை. இனி அவன் அவளுக்கு என்ன என்பதை அந்த ஒரு வார்த்தையால் நடுத்தெருவில் முடித்துவைத்துவிட்டாள். நெஞ்சுக்குள் எதுவோ அமைதியாக இறங்கியது. அது வலிதான், ஆனால் முறையான வலி. "சரிம்மா, வர்றேன்," என்றான்.

ஊர் நிலையத்திலிருந்து இரண்டு மைல் நடை. வீட்டு வாசலில் மாமனார் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கண் ரொம்ப மங்கியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மருமகளின் உருவத்தை அடையாளம் கண்டுகொண்டார். அவளுக்குப் பின்னால் ஓர் ஆணின் உருவம்.

"வந்துட்டியாடா?" என்றார். கயிறு கையிலிருந்து நழுவியது. "வந்துட்டியா?"

ஆமாம் என்ற சொல் பழக்க தோஷத்தில் வண்டிக்காரனின் வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினான்.

"இல்ல மாமா," என்றாள் அவள். "இவரு வேற."

உள்ளே உட்கார்ந்து அவன் சொன்னான். இரண்டாவது முறையாக அந்தப் பன்னிரண்டு நாளைச் சொன்னான். கிழவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்: "என் பையன் பேர்ல பத்து வருஷம் இருந்திருக்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு காகிதம், யார்கிட்டயாவது சொல்லி எழுதிப் போட உனக்குத் தோணலியா?"

"பயங்க."

"எனக்கும் வருஷா வருஷம் காகிதம் வரும். நல்லா இருக்கான்னு வரும். இருக்கட்டும்னு இருந்தேன்." அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். அவள் அவனைப் பார்த்து, போய்விடுங்கள் என்பதைப் போலத் தலையசைத்தாள். அவன் போய்விட்டான்.

தன் ஊருக்கு அவன் போகவில்லை. போய் யாரைப் பார்க்க? அவள் ஊர் நிலையத்திலேயே ரயில் எஞ்சின் ஷெட்டில் ஆள் கேட்டார்கள். நெருப்புக்கு எவ்வளவு போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியாததா? சேர்ந்துகொண்டான். முதல் நாள் பெயர் கேட்டார்கள், தன் சொந்தப் பெயரைச் சொன்னான். எழுதிக்கொண்டார்கள். அதில் அவன் எதிர்பார்த்த நிம்மதி ஏதும் வரவில்லை. சரக்கு ரயில்கள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயின. அவன் அவற்றுக்குக் கரி போட்டான். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். பலகைச் சுவர் இல்லை, செங்கல் சுவர். அந்தப் பக்கம் யாரும் தும்மினால்கூடக் கேட்காது.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா உங்கள வரச் சொல்றாரு. மறுபடியும் கேக்கணுமாம்."

"என்னத்த?"

"அதத்தான். மொதல்லேருந்து."

ஞாயிற்றுக்கிழமை போனான். மறுபடி சொன்னான். கிழவர் இந்த முறை நிறைய கேள்வி கேட்டார். பாய் எந்தப் பக்கம் போட்டிருந்தது, தண்ணீர் குடித்தானா, கஞ்சியில் உப்பு இருந்ததா. தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். அதற்கு அடுத்த மாதமும் ஆள் வந்தது. பிறகு ஆள் வராமலே மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவனாகவே போகத் தொடங்கினான். அவள் பெரும்பாலும் வயலில் இருப்பாள், அல்லது அடுப்படியில். "வாங்கண்ணே" என்பாள், "போய்ட்டு வாங்கண்ணே" என்பாள். பத்து வருஷம் பேசாத மௌனமெல்லாம் தீர்கிறாற்போல அவன் கிழவரிடம் அந்தப் பன்னிரண்டு நாளையே பேசுவான். சொல்லச் சொல்ல அது தேயவுமில்லை, வளரவுமில்லை.

ஒரு ஞாயிறு கதை முடிந்த பிறகும் கிழவர் எழுந்திருக்கவில்லை.

"உன் அம்மா எப்பப் போனா?" என்றார்.

அதுவரை யாரும் அவனைக் கேட்காத கேள்வி. "அதே வருஷம்தாங்க. நான் துறைமுகத்துக்கு நடக்குறதுக்கு முந்தின மாசம்."

"கூட யாரு இருந்தா?"

"நான் இருந்தேன்."

"சொல்லு," என்றார் கிழவர், மங்கிய கண்ணை அவன் பக்கம் திருப்பி.

அவன் சொல்லப் பார்த்தான். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. செத்தவனின் பன்னிரண்டு நாள் அவனுக்கு நாள்வாரியாக மனப்பாடம். தன் அம்மாவின் கடைசி வாரத்தில் எது முன்னால் எது பின்னால் என்று குழம்பியது. அவள் என்ன கேட்டாள், இவன் என்ன சொன்னான்? ஒன்றிரண்டு சொன்னான். நடுவில் நின்றுபோனான். கிழவர் அவசரப்படுத்தவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அடுத்த வாட்டி வர்றப்ப நெனச்சுப் பாத்துட்டு வா," என்றார் கிழவர்.

வெயில் தாழ்ந்த பிறகு அவன் கிளம்பினான். இரண்டு மைல் தூரமும் நினைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தான். கொஞ்சம் ஞாபகம் வந்தது. யாரிடமாவது உடனே சொன்னால் மறக்காது என்று தோன்றியது. நிலையத்தில் சரக்கு ரயில் ஒன்று புகைவிட்டுக்கொண்டு நின்றது. பிளாட்பாரத்தில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. ஷெட்டைச் சுற்றிப் போய்த் தன் அறையைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, வந்த ஞாபகத்தை மெதுவாகத் தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.